கொத்துச்சாவி யார் இடுப்புல? வெப்சைட்டே கட்சியா இருந்த ஒரு கதை

அரசியல் கட்சிங்க வெப்சைட்டை எப்படி யூஸ் பண்றாங்கன்னு எழுதச் சொன்னா எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவாங்க. தலைவர் போட்டோ, கட்சி வரலாறு, தேர்தல் அறிக்கை பிடிஎஃப், நன்கொடை பட்டன், அப்புறம் மெயில் போட்டா பதிலே வராத 'தொடர்புக்கு' பக்கம், இதெல்லாம் எந்தக் கட்சிகிட்ட இருக்கு எதுகிட்ட இல்லன்னு ஒரு டேபிள் போட்டு முடிச்சிடுவாங்க. எனக்கு அதுல சுவாரசியமே இல்ல, அதனால ஒரே ஒரு கேஸை எடுத்து ஆரம்பத்துல இருந்து பார்த்துடலாம்னு இருக்கேன்.

இத்தாலில ஐந்து நட்சத்திர இயக்கம்னு ஒரு கட்சி. 2009ல ஆரம்பிச்சப்ப அவங்க எழுதின சட்டதிட்டத்துக்கு அவங்களே வச்ச பேரு 'சட்டதிட்டம் அல்லாதது'. அதுல முதல் ஷரத்து என்ன சொல்லுதுன்னா, இயக்கத்தோட தலைமையிடம் ஒரு வெப் அட்ரஸ். தெரு பேர் இல்ல, கதவு எண் இல்ல, பெப்பேகிரில்லோ டாட் ஐடி, அவ்ளோதான். தொடர்புகொள்ளணும்னா மெயில் மட்டும்தான். கட்சின்னா கொடிக்கம்பம், ஆபீஸ், வாசல்ல நாலு பிளாஸ்டிக் சேர், டீ டம்ளர்னு பழகின நமக்கு இது கொஞ்சம் விளையாட்டா தெரியும். ஆனா அந்தக் கட்சி 2013ல நாலுல ஒரு ஓட்டையும் 2018ல கிட்டத்தட்ட மூணுல ஒரு ஓட்டையும் வாங்கிச்சு, அரசாங்கத்துலயும் உட்கார்ந்துச்சு.

இந்தக் கதையப் படிக்கும்போது எனக்கு பழைய கூட்டுக்குடும்பம்தான் ஞாபகம் வரும். வீட்ல என்ன சமைக்கலாம்னு மருமகள்ங்க எல்லாருகிட்டயும் கேப்பாங்க, ரொம்ப ஜனநாயகமாத்தான் இருக்கும், ஆனா ஸ்டோர் ரூம் கொத்துச்சாவி மாமியார் இடுப்புலதான் இருக்கும்.

கம்ப்யூட்டரை உடைச்சவர்

பெப்பே கிரில்லோ ஜெனோவாக்காரர், 1948ல பிறந்தவர், டிவி காமெடியன். 1986ல அரசு டிவில ஒரு ஜோக் அடிச்சார். அப்ப பிரதமர் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் பெத்தினோ கிராக்ஸி, அவரும் அவர் ஆளுங்களும் சீனாவுக்கு டூர் போயிருந்தாங்க. அதை வச்சு, இங்க எல்லாரும் சோஷலிஸ்ட்னா அப்ப யார்கிட்ட திருடுவாங்கன்னு ஒருத்தன் கேக்கற மாதிரி ஜோக். டிவி கதவு மூடிக்கிச்சு. ஆறு வருஷம் கழிச்சு மிலான்ல லஞ்ச விசாரணை வெடிச்சு அந்தக் கட்சியே காணாமப் போச்சு, கிராக்ஸி துனிசியாவுக்கு ஓடினார், அது வேற கதை. ஆனா ஜனங்க மனசுல கிரில்லோ 'அன்னைக்கே சொன்னாருப்பா' லிஸ்ட்ல சேர்ந்துட்டார். பர்மாலாட்னு பெரிய பால் கம்பெனி 2003ல கவிழ்றதுக்கு முன்னாடியே அதோட கணக்கு சரியில்லன்னு மேடைல பேசினவரும் இவர்தான், கவிழ்ந்தப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டு அரசு வக்கீலுங்க இவரையே கூப்பிட்டாங்க.

டிவி இல்லாததால தியேட்டர் தியேட்டரா ஷோ நடத்தினார். 2000 வாக்குல அந்த ஷோல ஒரு ஐட்டம், மேடைல கம்ப்யூட்டரை சுத்தியலால அடிச்சு நொறுக்கறது. டெக்னாலஜி நம்மள அடிமையாக்குதுன்னு. இப்படிப்பட்ட ஆளைத்தான் ஜான்ரொபெர்த்தோ கசலெஜ்ஜோ தேடி வந்தார். ஒலிவெத்தி கம்பெனில வேலை பார்த்தவர், ஐடி ஆளு, ரொம்பப் பேச மாட்டார், 2004ல மிலான்ல கசலெஜ்ஜோ அசோசியாத்தினு சொந்தக் கன்சல்டன்சி ஆரம்பிச்சவர். அமெரிக்கால ஹோவர்ட் டீன் அதிபர் வேட்பாளர் ஆகறதுக்கு இன்டர்நெட்ட வச்சு ஆள் திரட்டினதை உன்னிப்பா பார்த்துட்டு இருந்தார். ரெண்டு பேரும் சேர்ந்தாங்க. 2005 ஜனவரி 26ல பிளாக் ஓபன் ஆச்சு.

அந்த நேரத்து இத்தாலிய மனசுல வச்சுக்கணும். பிரதமர் பெர்லுஸ்கோனி. நாட்டோட பெரிய தனியார் டிவி சேனலுங்க மூணும் அவர் குடும்பத்தோடது, ஆட்சில இருக்கறதால அரசு டிவிலயும் கை நீளும். அப்ப தினமும் ஒரு போஸ்ட், கீழ நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல கமெண்ட், பேங்க் ஊழல், டெலிகாம் கட்டணம், குப்பை எரிக்கிற ஆலைனு பேப்பர்ல வராததெல்லாம் இங்க வந்தா சும்மா இருப்பாங்களா. 2008ல பிரிட்டன்ல இருந்து வர்ற அப்சர்வர் பத்திரிகை உலகத்தோட சக்தி வாய்ந்த 50 பிளாக்னு ஒரு லிஸ்ட் போட்டப்ப இது 9வது இடத்துல இருந்துச்சு.

படிக்கிறவன தெருவுக்குக் கொண்டு வந்தது

இங்கதான் மத்த கட்சி வெப்சைட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம். மத்த சைட்டெல்லாம் படிச்சிட்டு மூடிட்டுப் போயிடலாம், இங்க படிச்சவனுக்கு உடனே ஒரு வேலை இருந்துச்சு. 2005 நடுவுலயே மீட்அப் சைட்ல ஊர் ஊரா குரூப் ஆரம்பிங்கன்னு கிரில்லோ சொன்னார், 'பெப்பே கிரில்லோவின் நண்பர்கள்'னு பேரு. பிளாக்ல படிச்சதை வச்சு அந்த ஊர்ல சாயங்காலம் கூடிப் பேசறது, நகரசபைல போய்க் கேள்வி கேக்கறது. அந்த வருஷக் கடைசில வாசகர்கள் காசு போட்டு இன்டர்நேஷனல் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகைல முழுப்பக்க விளம்பரம் குடுத்தாங்க, தண்டனை வாங்கின ஆளுங்க எங்க பார்லிமென்ட்ல உட்கார்ந்திருக்காங்கன்னு. சொந்த ஊர் பேப்பர் கண்டுக்கலைன்னா வெளியூர் பேப்பர்ல போட்டு மானத்தை வாங்கறது, நல்ல ஐடியா.

2007 செப்டம்பர் 8, வி-டே. அந்த 'வி' ஒரு கெட்ட வார்த்தையோட முதல் எழுத்து, இங்க எழுத மாட்டேன். போலோன்யால பியாத்சா மஜ்ஜோரே சதுக்கம் நிரம்பி வழிஞ்சுது, கூடவே நூத்துக்கணக்கான ஊர்கள்ல டேபிள் போட்டு கையெழுத்து வாங்கினாங்க. மூணு கோரிக்கை: தண்டனை பெற்றவங்க பார்லிமென்ட்டுக்கு வரக்கூடாது, யாரும் ரெண்டு தடவைக்கு மேல எம்.பி. ஆகக்கூடாது, வேட்பாளரை கட்சித் தலைமை இல்லாம ஜனங்க நேரடியா தேர்ந்தெடுக்கணும். மக்கள் சார்பா ஒரு மசோதா குடுக்க 50,000 கையெழுத்து போதும், இவங்களுக்கு ஒரே நாள்ல 3 லட்சத்துக்கு மேல வந்துச்சு. டிவில முன்கூட்டி பெருசா ஒண்ணும் வரல, எல்லாம் பிளாக் வழியா சொல்லி வச்சதுதான். மறுநாள் இத்தாலி பத்திரிகைங்க எல்லாம் எங்கிருந்துடா வந்தாங்க இவங்கன்னு முழிச்சுது. இந்த ரெண்டு தடவை விதியை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

2009 அக்டோபர் 4, மிலான்ல ஒரு தியேட்டர்ல இயக்கம் ஆரம்பம். அஞ்சு நட்சத்திரம்னா தண்ணீர், சுற்றுச்சூழல், போக்குவரத்து, வளர்ச்சி, இன்டர்நெட் இணைப்பு. எல்லாருக்கும் ஒரே மதிப்பு, தலைவரே கிடையாதுன்னு அறிவிச்சாங்க. அதே சட்டதிட்டத்துல கொஞ்சம் கீழ போனா, இயக்கத்தோட பேரும் சின்னமும் பெப்பே கிரில்லோ பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கு, யூஸ் பண்ற உரிமை அவருக்கு மட்டும்தான்னும் இருக்கும். கொத்துச்சாவி.

ஓட்டுப்பெட்டி லாகின்

2012 டிசம்பர்ல பார்லிமென்ட் வேட்பாளர்களையே ஆன்லைன்ல தேர்ந்தெடுத்தாங்க. அதுவரைக்கும் இத்தாலில பெரிய கட்சி எதுவும் இப்படிச் செஞ்சதில்ல. உறுப்பினர்கள்ல சுமார் 20 ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டாங்க, வேட்பாளர்ங்க தங்களைப் பத்தி வீடியோ போட்டாங்க, சிலது சமையல் ரூம்ல எடுத்தது. சில பேர் நூத்துச் சொச்சம் ஓட்டு வாங்கி எம்.பி. லிஸ்ட்ல வந்தாங்க. கிண்டல் பண்ணாதவங்க கிடையாது. ரெண்டே மாசத்துல, 2013 பிப்ரவரில, கீழ்ச்சபைத் தேர்தல்ல 25.5 சதவீதம், 87 லட்சம் ஓட்டு, ரெண்டு சபைலயும் சேர்த்து 163 பேர். கிளார்க், நர்ஸ், வேலையில்லாத பட்டதாரினு ஒரு கூட்டம் பார்லிமென்ட்டுக்குள்ள போச்சு. இத நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன், பணமும் குடும்பப் பேரும் இல்லாதவன் ஒரு லாகின் வச்சு எம்.பி. ஆனது பெரிய விஷயம்தான்.

ஏப்ரல்ல ஜனாதிபதி வேட்பாளர் யாருன்னு ஆன்லைன் ஓட்டு. முதல் ரவுண்டுல யாரோ உள்ள பூந்துட்டாங்கன்னு கேன்சல் பண்ணி திரும்ப நடத்தினாங்க. ஜெயிச்சது பத்திரிகையாளர் மிலேனா கபனெல்லி, வேணாம்னுட்டார். ரெண்டாவது வந்த டாக்டர் ஜீனோ ஸ்த்ராதாவும் வேணாம்னுட்டார். மூணாவது வந்த சட்டப் பேராசிரியர் ஸ்தெஃபனோ ரொதோத்தா சரின்னார். அந்த ஓட்டோட முடிவால சதுக்கங்கள்ல 'ரொ-தோ-த்தா'ன்னு கோஷம் கேட்டுச்சு. பார்லிமென்ட் கடைசில பழைய ஜனாதிபதி நபோலித்தானோவையே திரும்ப உட்கார வச்சது வேற விஷயம், ஆனா வெப்சைட்டோட ஒரு கேள்வி நாடு பூரா பேச்சான நாள் அது.

இதுல தலைவர்களே தோத்த சம்பவமும் உண்டு, அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. அனுமதியில்லாம நாட்டுக்குள்ள வர்றதே குற்றம்ங்கற சட்டத்தை நீக்கணும்னு 2013ல இவங்க செனட்டர்கள் ரெண்டு பேர் திருத்தம் கொண்டு வந்தாங்க. கிரில்லோவும் கசலெஜ்ஜோவும் கடுப்பாகி பிளாக்லயே எழுதினாங்க, இதைத் தேர்தல்ல சொல்லியிருந்தா நமக்கு டெலிபோன் கோடு நம்பர் மாதிரிதான் சதவீதம் வந்திருக்கும்னு (இத்தாலி எஸ்டிடி கோடெல்லாம் பூஜ்யத்துல ஆரம்பிக்கும்). 2014 ஜனவரில ஓட்டுக்கு விட்டாங்க. 24,932 பேர் போட்டதுல 15,839 பேர் சட்டத்தை நீக்கலாம்னுட்டாங்க. தலைவர் கத்தினாலும் உறுப்பினர் வேற சொன்னாங்க, செனட்டர்களும் அப்படியே ஓட்டுப் போட்டாங்க. அடுத்த மாசம் புதுசா பிரதமராகப் போற ரென்சிய சந்திக்கணுமான்னு கேள்வி, கிரில்லோவுக்கு இஷ்டமே இல்ல, சில நூறு ஓட்டு வித்தியாசத்துல 'போ'ன்னு முடிவு வந்துச்சு. போனார். நேரலைல ரென்சிய பேசவே விடாம பத்து நிமிஷம் பொரிஞ்சு தள்ளிட்டு எழுந்து வந்துட்டார். போகச் சொன்னீங்க, போனேன், அங்க என்ன பேசணும்னு சொல்லலையே.

கேள்விய எழுதறவன்

எங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு தடவை போல் போட்டாங்க. 'நம்ம குழந்தைகள் பாதுகாப்புக்காக கேட்ல கேமரா போடலாமா? 1. கண்டிப்பா. 2. இந்த மாசமே.' வேண்டாம்னு ஒரு ஆப்ஷனே இல்ல. 100 சதவீத ஆதரவோட தீர்மானம் நிறைவேறிச்சு. சிரிக்காதீங்க, அடுத்து வர்றது அதேதான், ஐரோப்பா லெவல்ல.

2014 ஐரோப்பியப் பார்லிமென்ட் தேர்தல் முடிஞ்சதும் எந்தக் குழுவோட சேர்றதுன்னு உறுப்பினர்கள கேட்டாங்க. இயக்கத்தோட முதல் ரெண்டு நட்சத்திரமே தண்ணீர், சுற்றுச்சூழல், அப்ப பசுமைக் கட்சிக் குழுவோட சேரணும்னு நிறையப் பேர் எதிர்பார்த்தாங்க. பட்டன்ல இருந்தது மூணு: ஐரோப்பிய ஒன்றியத்த எதிர்க்கற பிரிட்டன் தலைவர் நைஜல் ஃபராஜ் குழு, இன்னொரு கன்சர்வேடிவ் குழு, எதுலயும் சேராம தனியா இருக்கறது. பசுமை ஆப்ஷனே இல்ல. அதுக்கு முன்னாடியே கிரில்லோ போய் ஃபராஜோட சாப்பிட்டு வந்துட்டார். 78 சதவீதம் ஃபராஜ் குழு. 2017 ஜனவரில திடீர்னு பிளாக்ல இன்னொரு ஓட்டு, ஃபராஜ விட்டுட்டு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஆதரவான லிபரல் குழுவோட சேரலாமா? இதுக்கும் 78 சதவீதம் சரி. ஒரு கோடிலேர்ந்து மறுகோடி, ஆனா சதவீதம் மாறல. அன்னைக்கு சாயங்காலமே லிபரல் குழு, நீங்க வேணாம்னு கதவ சாத்திடுச்சு, திரும்பி ஃபராஜ்கிட்டயே வந்தாங்க. உறுப்பினர்கள் முட்டாள்னு நான் சொல்ல வரல. தலைமை எங்க போகச் சொல்லுதோ அது கேள்விலயே தெரியும், தெரிஞ்சா ஆமாம்னு அமுக்கறது மனுஷ இயல்பு.

அமுக்காம போனா என்ன ஆகும்? அதுக்கும் பதில் கிடைச்சுது, கிரில்லோவோட சொந்த ஊர்லயே. 2017 மார்ச், ஜெனோவா மேயர் வேட்பாளர் தேர்வு. மரிகா கஸ்ஸிமாதிஸ்னு ஒரு டீச்சர் 362 ஓட்டு, தலைமைக்கு நெருக்கமானவர் 338. கொஞ்ச நாள்ல கிரில்லோ பிளாக்ல எழுதினார், இந்த ரிசல்ட் செல்லாது, காரணம் புரியலைன்னா என்னை நம்புங்கன்னு. அப்புறம் ஜெனோவாவுக்கு வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ண நாடு பூரா இருக்கற உறுப்பினர்கள ஓட்டுப் போடச் சொன்னாங்க, தோத்தவர் ஜெயிச்சார். அந்த அம்மா கோர்ட்டுக்குப் போனார், கோர்ட் கிரில்லோ முடிவ நிறுத்தி வச்சுது, ஆனா சின்னம் யாரோடது? கடைசில தேர்தல்ல அந்தச் சின்னத்தோட நின்னது தோத்தவர்தான். டிவி விவாதத்துல கலந்துக்கிட்டதுக்கே 2012லயும் 2013லயும் கவுன்சிலர், செனட்டர்னு சிலர வெளியேத்தினாங்கன்னும் இங்கயே சொல்லிடறேன். டிவிய நம்பாதேங்கறது ஆரம்பத்துல பெர்லுஸ்கோனிக்கு எதிரான நியாயமான கோபம், பின்னாடி சொந்த ஆளுங்க வாய்க்குப் பூட்டு.

ரூசோ

2016 ஏப்ரல்ல ஜான்ரொபெர்த்தோ கசலெஜ்ஜோ இறந்துட்டார். அவர் இறந்த மறுநாளே அவரோட கனவுத் திட்டம் ஓபன் ஆச்சு, ரூசோ பிளாட்ஃபார்ம். 18ஆம் நூற்றாண்டு தத்துவவாதி ரூசோ பேரு. இங்கிலாந்து ஜனங்க தேர்தல் அன்னைக்கு மட்டும்தான் சுதந்திரமா இருக்காங்க, மத்த நாளெல்லாம் அடிமைன்னு சொன்ன மனுஷன், அதனால அந்தப் பேர்.

நியாயமா பார்த்தா அதுல இருந்த வசதிங்க எந்தக் கட்சி சைட்லயும் நான் பார்க்காதது. எம்.பி. ஒரு மசோதா எழுதினா அதைச் சபைல வைக்கறதுக்கு முன்னாடி அங்க போடணும், உறுப்பினர்கள் ஷரத்து ஷரத்தா கருத்துச் சொல்லலாம், எம்.பி. பதில் சொல்லணும். உறுப்பினரே ஒரு சட்ட யோசனை குடுக்கலாம், ஓட்டுல மேல வந்தா எம்.பி. ஒருத்தர் கைல போகும். எந்த ஊர் கவுன்சில்லயாவது நல்ல தீர்மானம் போட்டா மத்த ஊர்க்காரங்க அதை எடுத்துக்கலாம். அதோட நகரசபை எப்படி நடக்குதுன்னு பாடம். இது போக, எம்.பி.ங்க சம்பளத்துல பாதியத் திருப்பிக் குடுத்ததுக்கான ரசீதை அப்லோட் பண்ண தனியா ஒரு சைட். யார் வேணா பார்க்கலாம், சிறு தொழில்களுக்குக் கடன் குடுக்கற அரசு நிதிக்கு அந்தப் பணம் போகும். இதுவும் நல்லதுதான். ஆனா 2018 தேர்தலுக்கு முந்தின மாசம் ஒரு டிவி நிகழ்ச்சி தோண்டினதுல, சில எம்.பி.ங்க ஆன்லைன்ல பணம் அனுப்பி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அப்லோட் பண்ணிட்டு, 24 மணி நேரத்துக்குள்ள அந்த டிரான்ஸ்ஃபர கேன்சல் பண்ணிருக்காங்க. ரசீது ஒரிஜினல், பணம்தான் போகல. வெளிப்படைத்தன்மைன்னா என்னன்னு கிளாஸ் எடுக்கறவங்க இந்த ஒரு உதாரணத்தை வச்சே ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

இந்த ரூசோ யாரோடதுன்னு கேட்டா, கட்சியோடது இல்ல. ரூசோ சங்கம்னு தனி அமைப்பு, அதோட தலைவர் ஜான்ரொபெர்த்தோவோட மகன் தாவிதே கசலெஜ்ஜோ. எந்தத் தேர்தல்லயும் நிக்காதவர், எந்த ஓட்டும் வாங்காதவர், ஆனா உறுப்பினர் பட்டியல், ஓட்டு எண்ற மெஷின், பாஸ்வேர்டு எல்லாம் அவர் சங்கத்துகிட்ட. கட்சி எம்.பி.ங்க ஆளுக்கு மாசம் 300 யூரோ அந்தச் சங்கத்துக்குக் கட்டணும்.

நான் டேட்டாபேஸ் வேலை பார்க்கறவன், அடுத்த பாரா எனக்கு வயித்தெரிச்சல். 2017 ஆகஸ்ட்ல ஒரு கணக்கு மாணவர், கலுவானு ஒரு பிரெஞ்சுக் கணித மேதை பேர்ல ஒளிஞ்சுக்கிட்டு, உங்க சைட்ல எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டை இருக்கு, பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்கு மேல வாங்க மாட்டேங்குதுன்னு பப்ளிக்கா சொன்னார். ஃபார்ம்ல பேரு எழுதற இடத்துல கமாண்டு எழுதி உள்ள போற வித்தை அது, எங்க துறைல முதல் மாசமே சொல்லித் தர்ற பாடம். அதே வாரம் ரோக்ஜீரோன்னு இன்னொருத்தர், இவர் திருடர், உள்ள இருந்து டேட்டாவ எடுத்து வெளில வீசினார், நான் ஓட்டும் போட்டேன்னு சொல்லிக்கிட்டார். கடைசில போலீஸ் கண்டுபிடிச்சது யாரன்னா, ஓட்டைய எடுத்துச் சொன்ன மாணவர. இத்தாலியோட தனியுரிமை ஆணையம் ரெண்டு வருஷம் தோண்டிட்டு 2019 ஏப்ரல்ல 50,000 யூரோ அபராதம் போட்டுச்சு. அபராதம் சின்னது, காரணம்தான் பெருசு: அட்மின் அக்கவுன்ட்ட பல பேர் பகிர்ந்துக்கறாங்க, அவங்க உள்ள போய் என்ன மாத்தினாலும் தடமே இருக்காது, ஓட்டு ரகசியமா இருக்கும், திருத்தப்படாம இருக்கும்னு உத்தரவாதம் குடுக்க முடியாது. திருத்தினாங்கன்னு ஆணையம் சொல்லல, யாரும் நிரூபிக்கவும் இல்ல. திருத்தினா கண்டுபிடிக்க முடியாதுங்கறதுதான் அங்க இருந்த பிரச்சினை. காகித ஓட்டுல ஏஜென்ட் உட்கார்ந்திருப்பான், சண்டை போடுவான், இங்க சண்டை போட ஆள் இல்ல.

ஆட்சிக்கு வந்தப்புறம்

2018 மார்ச்ல 32.7 சதவீதம், ஒரு கோடிக்கு மேல ஓட்டு. வலதுசாரி லீக் கட்சியோட கூட்டணி ஒப்பந்தம் போட்டு ரூசோல ஓட்டுக்கு விட்டாங்க, 44,796 பேர் போட்டாங்க, 94 சதவீதம் சரி. கணக்குப் போட்டுப் பாருங்க, ஆயிரம் பேர் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தா அதுல நாலு பேரோட எண்ணிக்கை அளவுதான் ஆட்சி யாரோடன்னு முடிவு பண்ணியிருக்கு. மத்த கட்சில இது நாலு பேர் ரூம்ல முடிவாகும், அதுக்கு இது மேல்னு சொல்றவங்க இருக்காங்க, அந்த வாதத்துல விஷயம் இருக்கு. ஆனா நாட்டு மக்களே முடிவு பண்ணாங்கன்னு போஸ்டர் அடிச்சா அது ஓவர்.

2019 பிப்ரவரி திச்சொத்தி விவகாரம்தான் உச்சம். கடல்ல காப்பாத்தின அகதிகளோட வந்த கடலோரக் காவல் கப்பல் திச்சொத்தி, 2018 ஆகஸ்ட்ல துறைமுகத்துல நின்னும் பல நாள் ஜனங்கள இறங்க விடல உள்துறை அமைச்சர் சால்வினி, லீக் கட்சித் தலைவர். ஆள் கடத்தல்னு அவர் மேல வழக்கு நடத்த செனட் அனுமதி வேணும். தண்டனை பெற்றவன் சபைக்குள்ள வரக்கூடாதுன்னு ஆரம்பிச்ச இயக்கம், யாருக்கும் சட்டப் பாதுகாப்புக் கூடாதுன்னு பத்து வருஷமா கத்தினவங்க, கூட்டணி அமைச்சரக் காப்பாத்தணுமா வேணாமான்னு உறுப்பினர்கள கேட்டாங்க. கேள்வி எப்படி இருந்துச்சுன்னா, வழக்கு வேணாம்ங்கறவங்க 'ஆம்'னு போடணும், வழக்கு நடக்கட்டும்ங்கறவங்க 'இல்லை'ன்னு போடணும். கிரில்லோவே தாங்க முடியாம கிண்டல் பண்ணி ட்வீட் போட்டார். அன்னைக்கு சைட் வேற திணறுச்சு, லேட்டா ஆரம்பிச்சு லேட்டா முடிச்சாங்க. 52,417 பேர், 59 சதவீதம் சால்வினிய காப்பாத்திட்டாங்க.

அதே வருஷம் சால்வினி கூட்டணிய உடைச்சார், பத்து வருஷமா திட்டித் தீர்த்த ஜனநாயகக் கட்சியோட சேரலாமான்னு செப்டம்பர்ல ஓட்டு, 79,634 பேர், 79 சதவீதம் சரி. 2021 பிப்ரவரில மரியோ திராகி அரசுக்கு ஆதரவு குடுக்கலாமான்னு ஓட்டு. திராகி ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவரா இருந்தவர், இந்த இயக்கம் எதையெல்லாம் எதிர்த்துச்சோ அதோட மொத்த உருவம். கேள்வில திராகிங்கற பேரு கடைசிலதான் வரும், அதுக்கு முன்னாடி சூழலியல் மாற்றத்துக்கான சூப்பர் அமைச்சகம், இயக்கத்தோட சாதனைகளப் பாதுகாக்கற அரசுன்னு அல்வாவ வச்சிருந்தாங்க. குழந்தைகள் பாதுகாப்புக்காக கேமரா. ஆனாலும் இந்தத் தடவை 59 சதவீதம்தான், பத்துல நாலு பேர் அல்வாவத் தள்ளி வச்சுட்டாங்க. எதிர்த்து ஓட்டுப் போட்ட எம்.பி.ங்கள கொத்தாத் தூக்கி வெளில போட்டாங்க.

சாவிச் சண்டை

அதுக்கப்புறம் நடந்ததுதான் இந்த கேஸ்ல நான் எல்லாருக்கும் சொல்ற பகுதி. எம்.பி.ங்க நிறையப் பேர் 300 யூரோ கட்டறத நிறுத்திட்டாங்க. ரூசோ சங்கம், எங்களுக்கு 4.5 லட்சம் யூரோ பாக்கினு சொல்லி 2021 ஏப்ரல்ல கட்சியோட உறவை முறிச்சுக்கிச்சு. முன்னாள் பிரதமர் ஜூசெப்பே கொந்தே கட்சித் தலைமைக்கு வர ரெடியா இருக்கார், அவரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர் ஓட்டு வேணும், உறுப்பினர் யாருன்னு தெரிய லிஸ்ட் வேணும், லிஸ்ட் கசலெஜ்ஜோகிட்ட. குடுன்னா, கேக்கறவர் சட்டப்படி தலைவரே இல்லன்னார் தாவிதே. அது வீம்பும் இல்ல. கட்சித் தலைவரா இருந்த லுயிஜி தி மாயோ 2020ல விலகினதுக்கப்புறம் தற்காலிகத் தலைவர் வச்சே ஓட்டினாங்க, இயக்கத்துக்கு சட்டப்படி பிரதிநிதியே இல்லன்னு கால்யாரி ஊர் கோர்ட் வேற ஒரு வழக்குல வெளி ஆள் ஒருத்தர நியமிச்சிருந்துச்சு. நாட்டோட பெரிய கட்சிக்கு தன்னோட உறுப்பினர் யார்னு தெரியல! கடைசில தனியுரிமை ஆணையம் ஜூன் மாசம் தலையிட்டு, டேட்டா கட்சியோடது, அஞ்சு நாள்ல குடுன்னு உத்தரவு போட்டுச்சு. முன்ன அபராதம் போட்ட அதே ஆணையம்.

அப்புறம் ஸ்கைவோட்னு வேற ஒரு கம்பெனியோட சிஸ்டத்துல ஆகஸ்ட்ல ஓட்டு நடந்து கொந்தே 92 சதவீதத்தோட தலைவரானார். அதுவும் நிம்மதியா நிக்கல, புது உறுப்பினர்கள ஓட்டுல சேர்க்காம விட்டது தப்புன்னு நேப்பிள்ஸ் கோர்ட் 2022 பிப்ரவரில நிறுத்தி வச்சுது, மார்ச்ல திரும்ப நடத்தினாங்க.

கிரில்லோ நிலைமை? பிளாக்க 2018 தொடக்கத்துலயே இயக்கத்துலேர்ந்து பிரிச்சு எடுத்துக்கிட்டார், ஆனா 'காப்பாளர்'னு ஒரு பதவி அவருக்கு இருந்துச்சு, ஆயுசுக்கும். கொந்தேவோட முட்டல் மோதல். 2024 நவம்பர்ல பெரிய மாநாடு, காப்பாளர் பதவியே வேணுமான்னு ஆன்லைன் ஓட்டு. அதுக்கு முன்னாடி, ரொம்ப நாளா சைட் பக்கமே வராத உறுப்பினர்கள லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க, பட்டியல் கிட்டத்தட்ட பாதியாகி 89 ஆயிரத்துக்கு வந்துச்சு. பாதிக்கு மேல ஓட்டு விழுந்தாத்தான் சட்டதிட்டம் மாறும்ங்கற விதி இருக்கும்போது, தூங்கறவங்கள முன்னாடியே கழிச்சுட்டா வேலை சுலபம். லிஸ்ட் இப்ப கொந்தே கைல. 63 சதவீதம் பேர் பதவி வேணாம்னாங்க. காப்பாளருக்கு ஓட்டைத் திரும்ப நடத்தச் சொல்ற உரிமை உண்டு, கிரில்லோ அதைப் பயன்படுத்தினார், யாரும் ஓட்டுப் போடாதீங்கன்னார், சவ ஊர்தி வச்சு வீடியோ போட்டு இயக்கம் செத்துடுச்சுன்னார். டிசம்பர் 8ல ரிசல்ட்: முதல் தடவைய விட அதிகம் பேர் வந்து, 80 சதவீதம் பேர் அவரை அனுப்பிட்டாங்க.

நவம்பர்ல காப்பாளர் கேள்வியோட இன்னொரு கேள்வியும் அதே ஸ்க்ரீன்ல இருந்துச்சு. யாரும் ரெண்டு தடவைக்கு மேல பதவில இருக்கக்கூடாதுங்கற விதிய மாத்தலாமா? 2007ல போலோன்யா சதுக்கத்துலயும் மத்த ஊர்கள்லயும் நின்னு 3 லட்சம் பேர் கையெழுத்துப் போட்ட அதே விதி. பெரும்பாலானவங்க மாத்தலாம்னு அமுக்கினாங்க.